கல்விக் கடனுக்குக் கையெழுத்துப் போடும் முன்: பொறியியல் சேர்க்கைக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பிளஸ் டூ ரிசல்ட் வந்ததிலிருந்து கவுன்சிலிங் முடியும்வரை, கடன் பற்றிக் கேட்டு வரும் பெற்றோர்களோடு உட்கார்ந்து கணக்குப் போடுவது எனக்கு வழக்கமாகிவிட்டது. படிவம் நிரப்புவதில் யாரும் பெரிதாகத் தடுமாறுவதில்லை. வரிசையில்தான் தடுமாறுகிறார்கள். முதலில் கல்லூரியைப் பிடிக்கிறார்கள், அட்வான்ஸ் கட்டுகிறார்கள், அப்புறம் வங்கிக்குப் போகிறார்கள். மாதத் தவணை எவ்வளவு என்பது ஐந்து வருடம் கழித்துத்தான் தெரிகிறது.

இங்கே அதே வேலையைத் தலைகீழாகச் செய்யப்போகிறோம். தவணையிலிருந்து தொடங்கி, கடன் தொகைக்கு வந்து, அங்கிருந்து கல்லூரிக்குப் போவோம். தமிழ்நாட்டில் கவுன்சிலிங் வழியாக பி.இ., பி.டெக். சேர்வதை வைத்தே எல்லாக் கணக்கும் போட்டிருக்கிறேன். மற்ற படிப்புகளுக்குத் தொகைகள் மாறும், வரிசை மாறாது.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

வருமானச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ், வீட்டில் யாரும் டிகிரி முடிக்காதவர்கள் என்றால் முதல் பட்டதாரி சான்றிதழ். இவை எல்லாவற்றுக்கும் இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். முதல் பட்டதாரி சான்றிதழுக்கு மட்டும் கொஞ்சம் முன்னாலேயே போய்விடுங்கள். தாத்தா பாட்டி, அப்பா அம்மா, அண்ணன் அக்கா வரை விவரம் கேட்பார்கள். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று மேசை மேசையாகப் போக வேண்டிய காகிதம் அது. ரிசல்ட் வந்த பிறகு விண்ணப்பித்தால் ஊரே அந்த வரிசையில் நிற்கும்.

மாணவருக்கும், கடனில் இணைக் கடன்தாரராகச் சேரப்போகும் அப்பா அல்லது அம்மாவுக்கும் பான் கார்டு வேண்டும். மாணவர் பெயரில் ஒரு சேமிப்புக் கணக்கும், அதில் ஆதார் இணைப்பும் வேண்டும். மானியமும் உதவித்தொகையும் அந்த இணைப்பு வழியாகத்தான் வரும்.

பெற்றோரின் சிபில் அறிக்கையையும் (வாங்கிய கடன்களை எப்படிக் கட்டினார்கள் என்ற பதிவு) இப்போதே எடுத்துப் பாருங்கள். வருடத்துக்கு ஒருமுறை இலவசமாகக் கிடைக்கும். எப்போதோ வாங்கிய நகைக் கடனோ டிராக்டர் கடனோ முடித்த பிறகும் ‘நிலுவை’ என்று நிற்பதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். அதைத் திருத்த வாரக்கணக்கில் ஆகும். வங்கி மேனேஜர் முன்னால் உட்கார்ந்திருக்கும்போது தெரிந்தால் காலம் கடந்துவிடும்.

1. நான்கு வருட மொத்தச் செலவை ஒரே தாளில் எழுதுங்கள்

சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கான கல்விக் கட்டணத்தைக் கட்டண நிர்ணயக் குழு முடிவு செய்கிறது. 2017-ல் வந்த நிர்ணயத்தில் அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கு ஆண்டுக்கு ₹50,000, தேசிய அங்கீகாரம் பெற்ற பாடப்பிரிவு என்றால் ₹55,000. மேனேஜ்மென்ட் கோட்டாவுக்கு முறையே ₹85,000, ₹87,000. நீங்கள் சேரும் ஆண்டுக்கான தொகையைக் கவுன்சிலிங் தகவல் கையேட்டில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

பிரச்சினை இந்த வரியில் இல்லை, இதற்குக் கீழே வரும் வரிகளில் இருக்கிறது. விடுதி, மெஸ், கல்லூரிப் பேருந்து, தேர்வுக் கட்டணம், சீருடை, லேப்டாப், ‘பிளேஸ்மென்ட் டிரெயினிங்’, ‘டெவலப்மென்ட்’. விளம்பரத் தாளில் முதல் வரி மட்டும் இருக்கும். அலுவலகத்தில் கேட்டால் ஒரு துண்டுச் சீட்டில் பேனாவால் மீதியை எழுதித் தருவார்கள்.

அந்தத் துண்டுச் சீட்டோடு திரும்பி வராதீர்கள். கல்லூரியின் முத்திரையோடு, வருடவாரியாக, நான்கு வருடத்துக்கும் கட்டண விவரம் கேளுங்கள். வங்கிக்கு எப்படியும் அது தேவை. அதில் எழுத மறுக்கும் தொகைக்கு ரசீதும் வராது, கடனும் கிடைக்காது. சேர்க்கைக்காக நன்கொடை வாங்குவதைத் தமிழ்நாட்டில் 1992-லேயே தனிச் சட்டம் போட்டுத் தடை செய்திருக்கிறார்கள். அந்தப் பணத்தை வெளியே வட்டிக்கு வாங்கிக் கட்டும் குடும்பங்கள்தான் பின்னால் மிகவும் திணறுகின்றன.

ஒரு மாதிரிக் கணக்கு வைத்துக்கொள்வோம். கல்விக் கட்டணம் ₹55,000, விடுதியும் மெஸ்ஸும் ₹80,000, மற்றவை ₹15,000. ஆண்டுக்கு ₹1,50,000, நான்கு வருடத்துக்கு ₹6 லட்சம். உங்கள் தாளில் உங்கள் தொகைகளைப் போடுங்கள். வீட்டிலிருந்தே போய்வர முடிந்தால் இந்தக் கணக்கு ஏறக்குறையப் பாதியாகிவிடும் என்பதையும் கவனியுங்கள். கல்லூரியின் பெயரை விட வீட்டுக்கும் கல்லூரிக்கும் உள்ள தூரமே பல வீடுகளில் கடனின் அளவைத் தீர்மானிக்கிறது.

2. கழிக்க வேண்டியதைக் கழியுங்கள்

கடன் கேட்கும் முன், கேட்காமலே குறையக்கூடிய தொகையைப் பார்க்க வேண்டும். உரிமையாக வரும் பணத்தைக் கடனாக வாங்கி வட்டி கட்டுபவர்கள் உண்டு.

ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5% உள் ஒதுக்கீடு இருக்கிறது. பொறியியலுக்கு இது 2021-ல் வந்தது. அந்த ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கவுன்சிலிங் கட்டணம் மூன்றையும் அரசே கட்டுகிறது. பொதுப் பிரிவில் கொஞ்சம் ‘பெரிய’ கல்லூரி கிடைக்கிறதே என்று இதை விட்டுவிடும் முன் இரண்டு தாள் எழுதி ஒப்பிடுங்கள்.

முதல் பட்டதாரிக் கட்டணச் சலுகை ஒற்றைச் சாளரக் கவுன்சிலிங் வழியாகச் சேர்பவர்களுக்குத்தான். மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்தால் அது போய்விடும். அதிகம் பேர் கவனிக்காமல் விடுவது இதைத்தான். கட் ஆஃப் குறைவு, எந்தக் கல்லூரி வருமோ என்ற பயத்தில் கவுன்சிலிங்குக்கு முன்பே மேனேஜ்மென்ட் இடத்தைப் பிடிக்கிறார்கள். பல கல்லூரிகளில் அதே பாடப்பிரிவு கவுன்சிலிங்கின் கடைசிச் சுற்றுவரை காலியாகவே கிடக்கும்.

ஆதிதிராவிடர், பழங்குடியினர் குடும்பங்களுக்கு ஆண்டு வருமானம் ₹2.5 லட்சத்துக்குள் என்றால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உண்டு. அரசுப் பள்ளியிலோ, அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியிலோ படித்த மாணவிகளுக்குப் புதுமைப் பெண், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் ₹1,000. ஆயிரம் ரூபாய் சின்னத் தொகையாகத் தெரியலாம். எட்டாவது படியில் இதே ஆயிரம் என்ன செய்கிறது என்று பார்ப்போம்.

3. கல்லூரி கொடுத்த எண்களைக் கல்லூரியிடமிருந்தே எடுங்கள்

எல்லாப் படிகளிலும் இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். பேருந்து முதுகில் ‘100% பிளேஸ்மென்ட்’ என்று எழுதியிருப்பதை யாரும் சத்தியம் செய்து எழுதவில்லை. ஆனால் தேசியத் தரவரிசையான என்ஐஆர்எஃப்-க்கு விண்ணப்பித்த கல்லூரி, தான் சமர்ப்பித்த விவரங்களைத் தன் இணையதளத்தில் வைக்க வேண்டும். பெரும்பாலும் முகப்பின் அடியில் ‘என்ஐஆர்எஃப்’ என்ற சின்ன இணைப்பாக இருக்கும். திறந்தால் ஒரு பிடிஎஃப் வரும்.

அதில் நான்கு வருட இளநிலைப் படிப்புக்கான அட்டவணையைத் தேடுங்கள். அனுமதிக்கப்பட்ட இடங்கள், சேர்ந்தவர்கள், குறித்த காலத்தில் பட்டம் பெற்றவர்கள், வேலை கிடைத்தவர்கள், அவர்களின் மீடியன் ஆண்டுச் சம்பளம், மேற்படிப்புக்குப் போனவர்கள் என்று நெடுவரிசைகள் இருக்கும். லேட்டரல் என்ட்ரியில், அதாவது டிப்ளமோ முடித்து நேராக இரண்டாம் ஆண்டில், வந்தவர்கள் தனி நெடுவரிசை.

எப்படி வாசிப்பது? ஒரு கற்பனை உதாரணம். சேர்ந்தவர்கள் 310. காலத்தில் பட்டம் பெற்றவர்கள் 205. வேலை கிடைத்தவர்கள் 120. மீடியன் சம்பளம் ₹3,00,000.

கல்லூரி இதை ‘தகுதியுள்ள மாணவர்களில் இத்தனை சதவீதம்’ என்று சொல்லும். அரியர் இல்லாதவர்கள், பிளேஸ்மென்ட் பயிற்சிக்குப் பெயர் கொடுத்தவர்கள் என்று கழித்துக் கழித்து வகுக்கும் எண்ணைச் சின்னதாக்கினால் சதவீதம் தானாக ஏறும். நீங்கள் சேர்ந்தவர்களை வைத்து வகுங்கள். ஏனென்றால் உங்கள் பிள்ளை அந்த 310-ல் ஒருவராகத்தான் உள்ளே போகிறார். 310-ல் 120 என்றால் பத்துப் பேரில் நான்கு பேர்கூட முழுதாக இல்லை.

அடுத்து, மீடியன் என்றால் நடுவில் நிற்பவரின் சம்பளம். வேலை கிடைத்த 120 பேரில் பாதிப் பேர், அதாவது 60 பேர், அந்த மூன்று லட்சமோ அதற்கு மேலோ வாங்குகிறார்கள். 310-ல் 60. ஐந்தில் ஒருவர். விளம்பரத்தில் படத்தோடு வரும் ‘அதிகபட்சப் பேக்கேஜ்’ ஒரே ஒருவருடையது. அதை வைத்துக் கடன் வாங்க முடியாது.

205 என்ற எண்ணையும் விட்டுவிடாதீர்கள். மீதி நூற்றைந்து பேர் அரியரோடு நிற்கிறார்கள் அல்லது இடையில் நின்றுவிட்டார்கள். கடனைப் பொறுத்தவரை பெரிய ஆபத்து இதுதான். பட்டம் வராது, தவணை வரும். அண்ணா பல்கலைக்கழகம் இணைப்புக் கல்லூரிகளின் தேர்ச்சி விகிதத்தை செமஸ்டர்வாரியாக வெளியிடுகிறது. ஒரே கல்லூரியின் இரண்டு மூன்று செமஸ்டர்களைச் சேர்த்துப் பாருங்கள்.

கல்லூரி தளத்தில் இந்தப் பிடிஎஃப்பே இல்லையென்றால்? அந்தத் துறையில் போன வருடம் முடித்தவர்களைத் தேடிப் பிடித்துப் பேசுங்கள். கல்லூரி காட்டும் மாணவரோடு பேசிப் பயனில்லை. எதிரே இருக்கும் டீக்கடையில் நிற்கும் இறுதியாண்டுப் பையன் உண்மையைச் சொல்வான். ‘உங்க கிளாஸ்ல எத்தனை பேர்ப்பா, இப்ப எத்தனை பேர் கையில ஆஃபர் லெட்டர் இருக்கு?’ என்று எண்ணிக்கையாகக் கேளுங்கள். ‘பிளேஸ்மென்ட் எப்படி?’ என்று கேட்டால் ‘பரவாயில்லண்ணா’ என்றுதான் பதில் வரும்.

4. கடனை ஐந்தாம் வருடத்துக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள்

இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டப்படி, படிக்கும் காலமும் அதற்குப் பின் ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டியதில்லை. இதை ‘வட்டி கிடையாது’ என்று புரிந்துகொள்பவர்கள் ஏராளம். வட்டி முதல் நாளிலிருந்தே ஓடுகிறது. தனிவட்டியாக ஓடி, தவணை தொடங்கும் நாளில் அசலோடு சேர்ந்துகொள்கிறது.

முதல் படியின் ₹6 லட்சத்தையே எடுப்போம். வட்டி 10% என்று வைத்துக்கொள்வோம். வங்கி மொத்தமாகத் தராது, வருடாவருடம் ₹1.5 லட்சமாகக் கல்லூரிக்கு அனுப்பும். முதல் வருடத் தொகைக்கு ஐந்து வருட வட்டி ₹75,000. அடுத்தடுத்த தொகைகளுக்கு ₹60,000, ₹45,000, ₹30,000. மொத்தம் ₹2,10,000. தவணை தொடங்கும் அன்று கடன் ₹8,10,000.

இதற்கு 10 வருடத் தவணை மாதம் சுமார் ₹10,700. மொத்தம் கட்டுவது ஏறக்குறைய ₹12.85 லட்சம். 15 வருடமாக நீட்டினால் மாதம் ₹8,700 ஆகக் குறையும், ஆனால் மொத்தம் ₹15.67 லட்சம் ஆகிவிடும். 22 வயதில் வேலைக்குப் போகும் பிள்ளை 38 வயதுவரை கட்டிக்கொண்டிருக்கும்.

5. இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்து முடிவெடுங்கள்

ஆண்டுக்கு ₹3 லட்சம் பேக்கேஜ் என்றால் மாதம் ₹25,000 என்று வீட்டில் கணக்குப் போடுகிறார்கள். நிறுவனம் கட்டும் பி.எஃப்., கிராஜுவிட்டி எல்லாம் அந்த மூன்று லட்சத்துக்குள்ளேயே இருக்கும். ஊழியர் பங்கு பி.எஃப்.-ம் பிடித்தால் கைக்கு வருவது சுமார் ₹21,000. சென்னையிலோ பெங்களூரிலோ பிஜி அறை, சாப்பாடு, போக்குவரத்து போக அதில் ₹10,700 மிச்சமாகாது.

நான் வைத்திருக்கும் அளவுகோல்: தவணை கைச்சம்பளத்தில் கால்பங்கைத் தாண்டக் கூடாது. ₹21,000-ல் கால்பங்கு ₹5,250. 10% வட்டி, 10 வருடம் என்றால் இந்தத் தவணைக்குத் தாங்கும் கடன், தவணை தொடங்கும் நாளில், ஏறக்குறைய ₹4 லட்சம். அதிலிருந்து படிப்புக்கால வட்டியைக் கழித்தால், வாங்கக்கூடிய அசல் கிட்டத்தட்ட ₹3 லட்சம். அதாவது அந்தக் கல்லூரியின் மீடியன் ஆண்டுச் சம்பளம் எவ்வளவோ, அவ்வளவுதான் மொத்தக் கடன். வட்டி மானியம் கிடைத்தாலோ, படிக்கும்போதே வட்டியைக் கட்டிவந்தாலோ ₹4 லட்சம்வரை போகலாம்.

கணக்கு இடித்தால் கல்லூரியை மாற்றுங்கள், கடனைக் கூட்டாதீர்கள். மாற்று வழிகள் இருக்கின்றன. அரசுப் பொறியியல் கல்லூரிகளில் நீங்கள் ஒதுக்கிவைத்த பாடப்பிரிவு கிடைக்குமா என்று பாருங்கள். கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் வேண்டும் என்ற பிடிவாதத்தால் நல்ல அரசுக் கல்லூரியின் மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல் இடங்களை விடுகிறார்கள். பத்தாம் வகுப்பு முடித்த தம்பி தங்கை வீட்டில் இருந்தால், அரசு பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்து லேட்டரல் என்ட்ரியில் நேராக இரண்டாம் ஆண்டு பி.இ. சேரும் வழி இருக்கிறது. ஒரு வருடச் செலவு மிச்சம், இடையில் டிப்ளமோவை வைத்தே வேலைக்கும் போகலாம். அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. முடித்துவிட்டு அதே ஐ.டி. நிறுவனங்களில் அதே தொடக்கச் சம்பளத்தில் நுழைபவர்களும் உண்டு.

பெற்றோர் ஓய்வுபெறப் பல வருடம் இருந்து, தவணையில் ஒரு பங்கைத் தாங்க முடியும் என்றால் அதைச் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் அதை இப்போதே வாய்விட்டுப் பேசி முடிவு செய்யுங்கள். ‘அவன் வேலைக்குப் போய்க் கட்டிப்பான்’ என்று அப்பாவும், ‘அப்பா பாத்துப்பாரு’ என்று மகனும் நினைத்துக்கொண்டிருப்பதை அடிக்கடி பார்க்கிறேன்.

6. அட்வான்ஸ் கட்டும் முன் வங்கிக்குப் போங்கள்

கவுன்சிலிங்கில் ஒதுக்கீடு உறுதியானதும் பணம் கட்டச் சில நாட்களே தருவார்கள். அதற்குள் வங்கியில் கடன் சாங்ஷன் ஆகாது. அதனால் சாய்ஸ் நிரப்பும் முன்பே, பட்டியலில் இருக்கும் மூன்று நான்கு கல்லூரிகளின் பெயரோடு கிளை மேனேஜரைப் பாருங்கள். மூன்று கேள்வி போதும். இந்தக் கல்லூரிகளுக்குக் கடன் தருவீர்களா? விடுதிச் செலவு சேருமா? முதல் வருடக் கட்டணத்தை நாங்களே கட்டிவிட்டு ரசீது கொண்டுவந்தால் அந்தத் தொகையைத் திருப்பித் தருவீர்களா?

மூன்றாவது கேள்விக்கு ஆம் என்றால், முதல் செமஸ்டர் பணத்தை மட்டும் வீட்டில் ஏற்பாடு செய்துகொண்டால் போதும். இல்லை என்றால் வேறு வங்கி பார்க்க இன்னும் நேரம் இருக்கிறது.

தனியார் கல்லூரிகளில் ‘இன்னைக்கு அட்வான்ஸ் போடலைன்னா நாளைக்கு சீட் இருக்காது சார்’ என்று சொல்வது வாடிக்கை. அசல் சான்றிதழ்களையும் கையோடு வாங்கி வைத்துக்கொள்ளப் பார்ப்பார்கள். உயர்கல்வியை ஒழுங்குபடுத்தும் யுஜிசியும் ஏஐசிடிஇயும் அதைத் தடை செய்திருக்கின்றன. சரிபார்த்துவிட்டு உடனே திருப்பித் தர வேண்டும். சான்றிதழ் உள்ளே மாட்டிக்கொண்டால் நல்ல இடம் வந்தாலும் போக முடியாது.

7. விண்ணப்பிப்பது

முதலில் எந்தத் திட்டம் என்று பாருங்கள். 2024 நவம்பரில் மத்திய அரசு ஒப்புதல் அளித்த பிஎம் வித்யாலட்சுமி, தரவரிசை அடிப்படையில் தேர்ந்தெடுத்த கல்வி நிறுவனங்களுக்கு மட்டும். தொடக்கப் பட்டியலில் 860 நிறுவனங்கள். அதில் சொத்து ஜாமீனும் வேண்டாம், ஆள் ஜாமீனும் வேண்டாம். குடும்ப வருமானம் ₹8 லட்சத்துக்குள் என்றால் ₹10 லட்சம்வரையான கடனுக்குத் தவணை தொடங்கும்வரை 3% வட்டி மானியம், ஆனால் அதற்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் பேர் என்ற வரம்பு உண்டு. வருமானம் ₹4.5 லட்சத்துக்குள் இருந்து தொழிற்கல்வி படித்தால் அந்தக் காலத்துக்கான வட்டி முழுவதையும் அரசே ஏற்கும் மானியம் இருக்கிறது. உங்கள் கல்லூரி எதற்குத் தகுதி பெறுகிறது என்று பிஎம் வித்யாலட்சுமி போர்ட்டலில் பெயர் போட்டுப் பார்த்துவிடுங்கள். பல சுயநிதிக் கல்லூரிகள் பட்டியலில் இருக்காது.

பட்டியலில் இல்லையென்றால் வழக்கமான திட்டம். ₹4 லட்சம்வரை சொத்து ஜாமீன் கேட்கக் கூடாது, கைப்பணமும் (செலவில் நாமே போடும் பங்கு) போட வேண்டியதில்லை. அதற்கு மேல் 5% கைப்பணம். ₹7.5 லட்சத்தைத் தாண்டினால் சொத்து ஜாமீன் வரும். ஐந்தாம் படியின் அளவுகோலை வைத்துக் கடன் வாங்கினால் பெரும்பாலும் முதல் வரம்புக்குள்ளேயே நிற்பீர்கள். வீட்டுப் பத்திரம் வீட்டிலேயே இருக்கும்.

வித்யாலட்சுமி போர்ட்டலில் விண்ணப்பித்துவிட்டு அதன் நகலோடு கிளைக்குப் போங்கள். போர்ட்டலில் பதிவு இருந்தால் விண்ணப்பம் ‘வரவில்லை’ என்று சொல்ல முடியாது. ‘உங்க ஏரியா பிராஞ்ச்ல கேளுங்க’ என்று அனுப்பினால், சேவைப் பகுதியைக் காரணம் காட்டிக் கல்விக் கடனை மறுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012-லேயே சொல்லியிருப்பதை அமைதியாக நினைவூட்டுங்கள். மறுப்பதானால் எழுத்தில் காரணம் கேளுங்கள். வங்கியின் குறைதீர் பிரிவுக்கு எழுதி 30 நாளில் சரியான பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மன் என்ற குறைதீர் அதிகாரியிடம் ஆன்லைனில் புகார் செய்யலாம். கட்டணம் இல்லை.

மேனேஜ்மென்ட் கோட்டா என்றால் வங்கிக்கு வங்கி நடைமுறை மாறும். முழுத் தொகையும் கிடைக்கும் என்று கல்லூரி அலுவலகம் சொல்வதை நம்பிப் போகாதீர்கள்.

சாங்ஷன் கடிதம் வந்ததும் நான்கு இடங்களில் கண்ணை ஓட்டுங்கள்: வட்டி மாறுவதா நிலையானதா, தவணை தொடங்கும் மாதம், தவணை எத்தனை வருடம், கூடவே ஏதாவது காப்பீட்டு பிரீமியத்தைக் கடனில் சேர்த்திருக்கிறார்களா. கடைசியது கட்டாயமா என்று எழுத்தில் கேட்டால் பல நேரங்களில் அது காணாமல் போய்விடும்.

8. படிக்கும் நான்கு வருடம்

முழு வட்டி மானியம் கிடைக்கவில்லை என்றால் வட்டியை மட்டும் கட்டிவாருங்கள். நம் மாதிரிக் கணக்கில் முதல் வருடம் மாதம் ₹1,250-தான். புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் ஆயிரம் ரூபாய் இங்கேதான் வேலை செய்கிறது. முதல் வருட வட்டியில் பெரும்பங்கை அதுவே சமாளிக்கும். இரண்டாம் வருடம் ₹2,500, மூன்றாம் வருடம் ₹3,750, அதன்பின் ₹5,000. இப்படிக் கட்டினால் தவணை தொடங்கும் நாளில் கடன் ₹6 லட்சத்திலேயே நிற்கும், தவணை ₹7,930 ஆகும். எல்லாம் சேர்த்துப் பார்த்தால் ஏறக்குறைய ₹1.2 லட்சம் மிச்சம். ஒழுங்காக வட்டி கட்டுபவர்களுக்குப் பல வங்கிகள் வட்டியில் 1% வரை சலுகையும் தருகின்றன. சாங்ஷன் கடிதத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். முழுதாக முடியாத மாதம் முடிந்ததைக் கட்டுங்கள்.

ஒவ்வொரு வருடமும் மதிப்பெண் பட்டியல், போனஃபைட் (அந்தக் கல்லூரியில் படிப்பதற்கான சான்று), அடுத்த வருடக் கட்டண விவரம் மூன்றையும் கட்டண நாளுக்கு ஒரு மாதம் முன்பே கிளையில் கொடுத்துவிடுங்கள். தாமதமானால் கல்லூரி அபராதம் போடும், அந்த அபராதத்துக்குக் கடன் கிடைக்காது. மானியம் உங்கள் கணக்கில் உண்மையிலேயே ஏறியதா என்று வருடத்துக்கு ஒருமுறை ஸ்டேட்மென்ட் எடுத்துச் சரிபாருங்கள். கிளை விவரத்தைப் பதிவேற்ற மறந்து மானியம் வராமல் போன கதைகள் நிறைய உண்டு. படிப்பை இடையில் விட்டால் மானியம் போய்விடும் என்பதும் நினைவிருக்கட்டும்.

முதல் இரண்டு செமஸ்டரில் நான்கைந்து அரியர் விழுந்தால், கணக்குப் போட்ட தாளை மறுபடி எடுக்க வேண்டிய நேரம் அது. அப்போது கடன் ஒன்றரை லட்சம்தான். துறை மாறுவதா, கல்லூரி மாறுவதா, வேறு படிப்பா என்று அந்த நிலையில் பேசலாம். மூன்றாம் வருட முடிவில் பேசினால் எந்த வழியும் மலிவாக இருக்காது.

9. தவணை தொடங்கும்போது

வேலை கிடைத்தால் முதல் சம்பளத்தோடேயே தவணையைத் தொடங்கிவிடலாம், ஒரு வருட அவகாசம் முடியக் காத்திருக்க வேண்டியதில்லை. மாறும் வட்டிக் கடனை முன்கூட்டி அடைத்தால் அபராதம் கிடையாது. போனஸ் வந்தால் அசலில் போடுங்கள். தவணைத் தொகையைக் குறைக்கச் சொல்லாமல், காலத்தைக் குறைக்கச் சொல்லுங்கள்.

80இ வரிச்சலுகை பற்றிக் கடன் விற்பவர்கள் நிறையப் பேசுவார்கள். கட்டும் வட்டிக்கு எட்டு வருடம்வரை வருமானத்தில் கழிவு கிடைக்கும், உண்மைதான். ஆனால் அது பழைய வரிமுறையில் மட்டும். மூன்று நான்கு லட்சம் சம்பளத்துக்கு வரியே இல்லாதபோது அதில் கழிக்க என்ன இருக்கிறது? இதை நம்பிக் கடனைக் கூட்டுவது வீண்.

வேலை கிடைக்கவில்லை என்றால் வங்கியின் போனை எடுக்காமல் இருப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. 90 நாள் தவணை நின்றால் கணக்கு வாராக்கடன் ஆகிவிடும். மாணவர், பெற்றோர் இருவரின் சிபிலும் அடிபடும். பல நிறுவனங்கள் வேலைக்கு எடுக்கும்போதே அதைப் பார்க்கின்றன. அந்த 90 நாளுக்குள் கிளைக்கு நேரில் போய் அவகாசம் நீட்டிக்கவோ, தவணைக் காலத்தை மாற்றியமைக்கவோ எழுத்தில் விண்ணப்பம் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். வசூல் முகவர்கள் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் கூப்பிடக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. மீறினால் தேதி, நேரத்தோடு குறித்துவைத்துப் புகார் செய்யுங்கள்.

10. கடனை முடிக்கும்போது

கடைசித் தவணை போன பிறகும் சில ரூபாய் வட்டி மீதம் நிற்கலாம். கிளையில் முடிவுத் தொகை கேட்டுக் கட்டி, கடன் முடிந்ததற்கான கடிதத்தை வாங்குங்கள். ஒன்றிரண்டு மாதம் கழித்து மாணவர், பெற்றோர் இருவரின் சிபில் அறிக்கையிலும் கணக்கு ‘முடிக்கப்பட்டது’ என்று வந்துவிட்டதா பாருங்கள். சொத்துப் பத்திரம் கொடுத்திருந்தால், கடன் முழுதும் அடைத்த 30 நாளுக்குள் வங்கி அதைத் திருப்பித் தர வேண்டும். 2023 டிசம்பரிலிருந்து, தாமதத்துக்கு வங்கியே காரணம் என்றால் நாளொன்றுக்கு ₹5,000 வீதம் உங்களுக்கு அது கொடுக்க வேண்டும். பத்திரம் கைக்கு வந்ததும் எல்லாப் பக்கங்களும் இருக்கின்றனவா என்று கவுன்டரிலேயே எண்ணிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.